மலையில் வழி தவறினால்: குற்றால மலையும் உயிர்காக்கும் பாடங்களும்

குற்றாலம், தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரமே உள்ள இவ்வூருக்கு ஆண்டுதோறும் சாரல் காலத்தில் பல இலட்சம் மக்கள் நீராட வருகிறார்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் பேரருவி. அருவிக்கு மேலே தொடங்குகிறது காடு. ஊருக்கும் காட்டுக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதே இந்த மலையின் அழகு. இதன் ஆபத்தும் அதுதான்.

மலையேறிகளுக்கென எழுதப்பட்ட உலகப் பொதுவான அறிவுரைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு மலையில் உயிரைக் காக்கும் அறிவுரை வேறொரு மலையில் உயிரைப் பறிக்கக்கூடும். குற்றால மலை அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காட்டில் வழி தவறுவதைப் பற்றித் தமிழர் பழங்காலத்தில் என்ன அறிந்திருந்தனர், அந்த அறிவை யார் காத்துவந்தனர், அண்மைக்கால நிகழ்வுகள் எதைக் கற்பித்தன என்பதை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

மலையின் அமைப்பு

குற்றால மலைக்குத் திரிகூடமலை என்று பெயர். மூன்று சிகரங்களை உடையது என்பது அதன் பொருள். மலையில் தோன்றும் சிற்றாறு, படிப்படியாக இறங்கிப் பல அருவிகளாக விழுகிறது. உயரத்தில் தேனருவி, இடையில் செண்பகாதேவி அருவி, அடிவாரத்தில் பேரருவி. பேரருவியிலிருந்து செண்பகாதேவி அருவி சுமார் 2 கிலோமீட்டர். தேனருவி சுமார் 5 கிலோமீட்டர். இவை தவிர ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, பழத்தோட்ட அருவி ஆகியவையும் இப்பகுதியில் உள்ளன. மலையை விட்டு இறங்கிய சிற்றாறு கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.

மலையின் மூன்று இயல்புகளை இங்கே கவனிக்க வேண்டும்.

முதலாவது, மழை. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவு கணவாய் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே நுழைவதால், தமிழ்நாட்டின் பிற சமவெளிகள் காயும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே சாரல் பொழிகிறது. மழை பெரும்பாலும் மலை உச்சியில்தான் கொட்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வரலாம்.

இரண்டாவது, ஒளி. குற்றாலம் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் இருண்டுவிடும். கடிகாரத்தைப் பார்த்து “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது” என்று கணக்கிடுபவர் இங்கே ஏமாந்துபோவார்.

மூன்றாவது, திசை. கிழக்கே இறங்கினால் குற்றாலம், தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என ஊர்கள். மேற்கே முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் ஆரியங்காவு, அச்சன்கோவில், தென்மலைக் காடுகள். மேகமூட்டத்தில் திசை குழம்பி மேற்கே நடப்பவர், ஊரை நோக்கிச் செல்வதாக எண்ணிக்கொண்டு அடர்காட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார்.

பழந்தமிழ் வழிகாட்டி நூல்

காட்டில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான அறிவுரையைத் தமிழில் தேடினால், பத்துப்பாட்டு வரை பின்னோக்கிச் செல்லலாம். அத்தொகுப்பில் உள்ள மலைபடுகடாம், 583 அடிகளைக் கொண்ட ஆற்றுப்படை நூல். பெருங்கௌசிகனார் பாடியது. இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. நன்னன் என்னும் மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் வறிய கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியைச் சொல்லி அனுப்புகிறான். பாட்டின் களம் குற்றாலம் அன்று; நன்னனின் நாடு இன்றைய செங்கம் பகுதி. ஆனாலும் தமிழ்நாட்டு மலையில் நடப்பவர் எவரும் அறிய வேண்டிய செய்திகள் அதில் உள்ளன.

தினைப்புனங்களின் அருகே பன்றிகளுக்காகப் பொறி வைத்திருப்பார்கள்; ஆகையால் இருளில் நடக்காமல் தங்கி, விடிந்த பின் செல்லுங்கள் என்கிறது நூல். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும் என்று எச்சரிக்கிறது. புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் படாதபடி மரங்களின் மறைவில் செல்லச் சொல்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடங்களில் அருகில் உள்ள செடிகொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது. இரவில் பாறைக்குகையில், சொந்த வீட்டில் நுழைவது போலத் தயங்காமல் தங்கச் சொல்கிறது.

இவற்றுள் இரண்டு அறிவுரைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பாதை பிரியும் இடங்களில் பின்னால் வருவோர் அறியும்படி புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவேண்டும் என்பது. மற்றொன்று, குறவர்களே மயங்கும் மலைப்பகுதியில் வழி தவறிவிட்டால் செய்ய வேண்டியது. அலைந்து திரியாமல் அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் ஒன்றாகக் கூடி, கையில் உள்ள இசைக்கருவிகளை முழக்க வேண்டும். ஓசை கேட்ட கானவர், வந்தவர்கள் வழி தவறியவர்கள் என்று உணர்ந்து ஓடி வருவர், அச்சம் போக்குவர், சூடத்தக்க பூவையும் உண்ணத்தக்க பழத்தையும் காட்டி, முன்னே நடந்து வழிகாட்டுவர்.

இன்றைய மீட்புப் பயிற்சிகளில் கற்பிக்கப்படும் அடிப்படைகள் அனைத்தும் இதில் அடங்கிவிடுகின்றன: நின்றுவிடு, கூட்டத்தைப் பிரிக்காதே, திறந்த இடத்தில் இரு, ஒலி எழுப்பு, அறிந்தவர் வரும்வரை காத்திரு. பழத்தைத் தானே தேடி உண்ணுமாறு நூல் சொல்லவில்லை, அறிந்தவர் காட்டிய பிறகே உண்பதாகச் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

குறவஞ்சியும் கம்பெனிக் காலமும்

குற்றாலத்தின் இலக்கிய நினைவிலும் மலையை அறிந்தவர் மலைமக்களே. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். குறத்தி தன் மலையின் வளத்தைக் கூறுவது குறவஞ்சி இலக்கியத்தின் முக்கிய உறுப்பு. நகரத்துத் தலைவி கேட்க, மலைப்பெண் சொல்கிறாள். மலையைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பதில் அந்த இலக்கிய வடிவத்துக்கு ஐயம் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு போன்ற நறுமணப் பயிர்களை வளர்க்கும் தோட்டங்களை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையின் ஐரோப்பிய அலுவலர்களுக்குக் குற்றாலம் கோடைவாசத்தலமாகவும் இருந்தது. 1830-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் குற்றால மலைகளின் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். இதற்கு முன்பே 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள், மலைக்கு மேற்கே உள்ள திருவிதாங்கூரை அளந்து வரைபடமாக்கினர். 1850-களில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், இதே மலைத்தொடரின் தெற்கே உள்ள அகத்தியமலையின் உச்சியில் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

இவர்கள் எவரும் தனியே மலை ஏறியவர்கள் அல்லர். பாதை வெட்டியவர்கள், சுமை தூக்கியவர்கள், முன்னே நடந்தவர்கள் என்று உள்ளூர் மக்கள் உடன் இருந்தால்தான் இத்தகைய பணி நடக்கும். நிலப்படத்திலும் தாவர நூலிலும் அலுவலரின் பெயர் நின்றது. வழிகாட்டியின் அறிவு ஏட்டில் ஏறாமல், அவர் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சென்றது. மலை அறிவு நூல்களில் கிடைக்கும் என்று நகரத்தார் எண்ணத் தொடங்கியதும், அது மனிதர்களிடம் இருக்கிறது என்பதை மறக்கத் தொடங்கியதும் இக்காலத்தில்தான் எனலாம்.

மலைவாழ் மக்களின் அறிவு

தென்காசி, திருநெல்வேலி மாவட்ட மலைகளில் பளியர், காணிக்காரர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். வாசுதேவநல்லூர் அருகே தலையணைப் பகுதியில் பளியர் குடியிருப்பு உள்ளது. பாபநாசம் மலைப்பகுதியில் மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் காணிக்காரர் வாழ்கின்றனர். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், சிறுவன மகசூல் சேகரித்தல் ஆகியவை இவர்களின் மரபுத் தொழில்கள்.

காட்டு உணவு பற்றிய அறிவு எத்தகையது என்பதற்கு வள்ளிக்கிழங்கு வகைகளே சான்று. காட்டில் விளையும் இவ்வினக் கிழங்குகளில் சிலவற்றை வேகவைத்த உடனே உண்ணலாம். சிலவற்றை நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசி வேகவைத்தால்தான் நஞ்சு நீங்கும். கொடியின் இலையையும் தண்டையும் பார்த்து வேறுபாடு காண இளமை முதல் பழக வேண்டும். படத்தைப் பார்த்து ஒரு நாளில் கற்க முடியாது.

இந்த அறிவின் மதிப்பை உலகம் உணரக் காரணமான நிகழ்வு ஒன்று அகத்தியமலையின் கேரளப் பகுதியில் நடந்தது. 1987-இல் பழங்குடியினரின் தாவர அறிவை ஆராயும் திட்டத்தின்கீழ், புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு காணிக்கார வழிகாட்டிகளுடன் அம்மலையில் ஏறியது. ஆய்வாளர்கள் களைத்துப்போன நிலையில் வழிகாட்டிகள் மட்டும் சோர்வின்றி நடந்தனர். அவர்கள் வழியில் சிறிய பழம் ஒன்றை உண்டுவந்ததை ஆய்வாளர்கள் கவனித்தனர். தாங்களும் உண்டபோது களைப்பு நீங்கியதாக உணர்ந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை என்னும் செடி. அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதன் உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் ஒரு பாதியைக் காணி மக்களுக்கு அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 1997-இல் அதற்கென அறக்கட்டளை ஒன்றும் பதிவாயிற்று. மரபறிவுக்கு ஈடாக அம்மக்களுக்குப் பங்கு தரும் முறைக்கு உலக அளவில் முன்மாதிரியாக இது பேசப்பட்டது.

தென்னமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்தது. அதில் இருந்த பெரியவர்கள் இறந்தனர். பழங்குடிக் குழந்தைகள் நால்வர் மட்டும் பிழைத்து, 40 நாட்களுக்குப் பிறகு ஜூன் 9 அன்று மீட்கப்பட்டனர். மூத்த பெண்ணுக்கு வயது 13. கடைசிக் குழந்தை கைக்குழந்தை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவையும், தாங்கள் அறிந்த காட்டு விதைகளையும் பழங்களையும் உண்டு அவர்கள் உயிர் பிழைத்தனர். மூத்தவள் பாட்டியிடம் காட்டைப் பற்றிக் கற்றிருந்தாள். அக்குழந்தைகளைக் காத்தது உடல் வலிமை அன்று. குடும்பத்தில் கற்ற காட்டறிவு.

நீரைத் தொடரலாமா?

வழி தவறியவர்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று, ஓடையைக் கண்டுபிடித்து அதன் போக்கில் நடக்க வேண்டும் என்பது. ஓடை ஆற்றில் சேரும். ஆற்றங்கரையில் ஊர் இருக்கும் என்பது இதன் அடிப்படை.

இந்த அறிவுரைக்குப் புகழ் சேர்த்த நிகழ்வு 1971-இல் நடந்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் 92 பேருடன் சென்ற விமானம் மின்னல் தாக்கிக் காட்டில் விழுந்தது. 17 வயது ஜூலியானா கோப்கே ஒருவரே உயிர் தப்பினார். அவருடைய பெற்றோர் இருவரும் உயிரியல் ஆய்வாளர்கள்; அமேசான் காட்டில் அவர்கள் நடத்திய ஆய்வு நிலையத்தில் ஜூலியானா சில காலம் வாழ்ந்திருந்தார். ஓடையைத் தொடர்ந்தால் மனிதர்களை அடையலாம் என்று தந்தை கற்பித்திருந்தார். காயங்களுடன் பல நாட்கள் நீரோட்டத்தின் வழியே நடந்தும் நீந்தியும் சென்ற அவர், மரம் வெட்டுவோரின் குடிசை ஒன்றை அடைந்து மீண்டார்.

அமேசான் படுகையின் தாழ்நிலத்தில் ஆறு மெல்லச் சரிந்து ஓடுகிறது. அங்கே அந்த அறிவுரை பொருந்தும். குற்றால மலையில் அதே அறிவுரையைப் பின்பற்றினால் என்ன ஆகும்? தேனருவிக்கு மேலே வழி தவறியவர் ஓடையின் போக்கில் இறங்கினால் தேனருவியின் தலைப்பை அடைவார். அதைச் சுற்றி இறங்கிவிட்டால் செண்பகாதேவியின் தலைப்பு. அதையும் கடந்தால் பேரருவியின் தலைப்பு. ஒவ்வொரு இடத்திலும் பாறை பாசி படிந்து வழுக்கும். அருவிகளுக்கு இடையே ஓடை சில இடங்களில் அமைதியாக ஓடுவதால், அடுத்த பள்ளம் கண்ணில் படுவதற்குள் கால் ஈரப்பாறையில் இருக்கும். ஊர் கீழே மிக அருகில் தெரியும். ஆனால் இடையே நிற்பது செங்குத்துப் பாறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அருவியின் இரைச்சலுக்கு அருகில் நின்று கூவினால் அந்தக் குரல் எவருக்கும் கேட்காது. தேடி வருவோர் கூப்பிடுவதும் வழி தவறியவருக்குக் கேட்காது. குடிநீருக்காக ஓடைக்குச் செல்லலாம். தங்குவதற்கு அங்கிருந்து விலகி, மேட்டில் உள்ள திறந்த பாறையையே தேட வேண்டும். மலைபடுகடாம் சொல்லும் அகன்ற பாறை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினர். 17 வயது சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். படிக்கட்டும் மக்கள் கூட்டமும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், மலைக்குள் குறுகிய ஓடைப்படுகையில் நிற்பவர் தப்புவது அரிது. நீர் கலங்கி நிறம் மாறுதல், சருகும் குச்சிகளும் மிதந்து வருதல், இரைச்சல் கூடுதல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓடையின் போக்கில் ஓடாமல், பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும்.

அண்மைக்கால நிகழ்வுகளும் விதிகளும்

தமிழ்நாட்டில் மலையேற்றத்தைப் பற்றிய பார்வையை மாற்றிய நிகழ்வு, தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புற்சரிவில் தீ மிக வேகமாக மேல்நோக்கிப் பரவும். அறிமுகமற்ற சரிவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் போவதே அங்கு மிகப் பெரிய ஆபத்து. இந்நிகழ்வுக்குப் பின் 2018-இலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. வனத்துறையின் முன் அனுமதியும் வழிகாட்டியும் இன்றியமையாதவை ஆயின.

2022 பிப்ரவரியில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே உள்ள குறும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர், இறங்கும்போது தவறி விழுந்து செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கினார். நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக உணவும் நீரும் இன்றி அவர் அங்கேயே இருந்தார். கைப்பேசியில் தன் நிலையைத் தெரிவித்திருந்தார். பிப்ரவரி 9 அன்று இராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மீட்டனர். கைப்பேசியில் மின்சக்தி இருந்தபோதே செய்தி அனுப்பியதும், இருந்த இடத்தை விட்டு அசையாமல் காத்திருந்ததும் அவரைக் காப்பாற்றின.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘டிரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் இதில் அறிவிக்கப்பட்டன. குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதையும் அவற்றுள் ஒன்று. மலையை ஒட்டிய ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். நூற்றாண்டுகளாகப் பெயரின்றி முன்னே நடந்தவர்களின் வழிவந்தோர், ஊதியத்துடனும் அடையாள அட்டையுடனும் நடக்கிறார்கள் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்க மாற்றம்.

வழி தவறியவர் செய்ய வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்தும் இம்மலையின் இயல்பிலிருந்தும் பெறத்தக்க பாடங்கள் பின்வருமாறு.

1. நின்றுவிடுதல். பாதை தெரியவில்லை என்று உணர்ந்த உடனே நிற்க வேண்டும். கதிரவனோ நிலவோ தெரியாத மேகமூட்டத்தில் மனிதர்கள் நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டே வட்டமிடுகின்றனர் என்பதை, ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் காட்டிலும் பாலைவனத்திலும் சோதித்து நிறுவினர். சாரல் காலத்து மூடுபனியில் குற்றால மலை இத்தகைய இடமே.

2. கூட்டம் பிரியாதிருத்தல். “நான் போய் வழி பார்த்துவிட்டு வருகிறேன்” என்று ஒருவர் கிளம்பினால், தேட வேண்டிய இடங்கள் இரண்டாகிவிடும்.

3. வந்த வழியே திரும்புதல். சற்று முன் கடந்த அடையாளம் உறுதியாக நினைவில் இருந்தால் மட்டும் அதுவரை திரும்பலாம். செல்லும் வழியில் கிளையை வளைத்தும், கல்லை அடுக்கியும், புல்லை முடிந்தும் அடையாளம் இட வேண்டும்.

4. ஓடைப்படுகையில் இறங்காதிருத்தல். இம்மலையில் நீரின் வழி மனிதனுக்கு வழி ஆகாது.

5. உடல் வெப்பத்தைக் காத்தல். காற்றின்றி 3 நிமிடம், கடுங்குளிரில் காப்பின்றி 3 மணி, நீரின்றி 3 நாள், உணவின்றி 3 வாரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். குற்றாலத்தில் தாகத்தால் சாவது அரிது. நனைந்த உடையும் இரவுக் காற்றும் சேர்ந்து உடல் வெப்பத்தைக் குறைப்பதே பெரிய ஆபத்து. ஈர உடையைப் பிழிந்து, காற்றுப் படாத பாறை மறைவில், காய்ந்த சருகைக் கீழே பரப்பி, நெருங்கி உட்கார வேண்டும். வெறுந்தரையிலும் ஈரப்பாறையிலும் படுக்கக் கூடாது. குகைக்குள் நுழையும் முன் விலங்கு தங்கியதற்கான தடம், எச்சம், நாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

6. அறியாததை உண்ணாதிருத்தல். குரங்கு தின்னும் பழம் மனிதனுக்கும் ஆகும் என்பது தவறான நம்பிக்கை. ஓரிரு நாள் பட்டினியால் உயிர் போகாது; நச்சுப்பழத்தால் போகும்.

7. கைப்பேசியைக் காத்தல். படம் எடுப்பதை நிறுத்தி, திரையின் ஒளியைக் குறைத்து, மின்சக்தியைச் சேமிக்க வேண்டும். பள்ளத்தைவிட மேட்டில் அலைவரிசை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 112 என்னும் அவசர எண்ணுக்கு அழைத்து, இருக்கும் இடம், ஆட்களின் எண்ணிக்கை, காயம் ஆகியவற்றை முதலில் சொல்ல வேண்டும். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி சில நேரங்களில் சென்றுவிடும்.

8. ஒலியும் ஒளியும். குரல் விரைவில் கம்மிவிடும். ஊதல் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் நெடுநேரம் ஒலி எழுப்பலாம். மும்மூன்றாக ஊதுவதும், விளக்கை மும்மூன்றாக மின்னச் செய்வதும் உதவி வேண்டுவதற்கான அடையாளமாகப் பலராலும் அறியப்பட்டவை. காய்ந்த காட்டில் தீ மூட்டி அடையாளம் காட்டக் கூடாது என்பதைக் குரங்கணி கற்பித்திருக்கிறது.

9. கிழக்கை அறிதல். திறந்த பாறையிலிருந்து பார்த்தால் பகலில் சமவெளியின் வயல்களும் குளங்களும், இரவில் ஊர்களின் விளக்குகளும் தெரியும் பக்கமே கிழக்கு. தெளிவான நாளில் ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள தென்காசி காசி விசுவநாதர் கோயில் இராஜகோபுரமும் கண்ணில் படலாம். ஆனால் இது திசை அறிவதற்கே. நேர்க்கோட்டில் இறங்குவதற்கு அன்று.

காட்டுக்குச் செல்லும் முன்

மேலே கூறியவை எல்லாம் தவறு நேர்ந்த பின் செய்ய வேண்டியவை. அத்தவறு நேராமல் தடுப்பது எளிது. குற்றாலத்துக்கு மேலே உள்ள மலை பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி. இப்பகுதிக் காடுகளைக் கொண்டு 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானை, கரடி, சிறுத்தை வாழும் காடு இது. அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். ஆனால் ஒருவர் நுழைந்து வழி தவறிவிட்டார் என்றால், அபராதத்துக்கு அஞ்சி உதவி கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மாலை 4 மணிக்கு வரும் அழைப்புக்கு அன்றே தேடுதல் தொடங்கலாம். இரவு 8 மணிக்கு வரும் அழைப்புக்கு, தேடுவோரும் இருளில் வழுக்குப்பாறையில் நடக்க வேண்டியிருக்கும். ஒருவரின் தயக்கம் அவரைத் தேடிச் செல்லும் வனக்காவலர்களின் உயிரையும் ஆபத்தில் வைக்கிறது.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலோ விடுதியிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது செலவில்லாத பாதுகாப்பு. குறித்த நேரத்தில் வரவில்லை என்று ஒருவர் கவலைப்பட்டால்தான் தேடுதல் தொடங்கும்.

முடிவுரை

மலைபடுகடாம் காலத்தில் வழி தவறிய கூத்தருக்கு நம்பிக்கை ஒன்று இருந்தது. பாறையில் நின்று முழக்கினால் கேட்பதற்கு மலையில் மக்கள் இருந்தனர். இன்று அந்த நம்பிக்கை முழுமையாக இல்லை. காட்டை அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளிலும் நகர வேலைகளிலும் இருக்கிறார்கள். கிழங்கின் கொடியைப் பார்த்துப் பெயர் சொல்பவர்களும், நீரின் நிறம் பார்த்து மேலே மழை என்று சொல்பவர்களும் குறைந்துவருகின்றனர். மலையேற்ற வழிகாட்டிப் பணி அவர்களில் சிலரைக் காட்டுடன் தொடர்பில் வைத்திருக்கிறது. அந்த அறிவு அவர்களுடைய பேச்சிலிருந்தே ஏட்டில் ஏற வேண்டும், அவர்கள் பெயருடன்.

குற்றாலத்துக்கு நீராட வரும் மாணவர் ஒருவர் இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், அது இதுவாக இருக்கட்டும்: அருவிக்கு மேலே அறிந்தவர் இல்லாமல் ஏற வேண்டாம், ஏறி வழி தவறிவிட்டால் ஓடையின் போக்கில் இறங்க வேண்டாம், திறந்த பாறையில் இருந்து ஒலி எழுப்பி, வரும்வரை காத்திருக்க வேண்டும்.